வாரத்துக்கு விட்ட ரத்தம்

அந்த அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில், ஒரு பேருந்துக்கு முன்னால். வாலாஜாபாத் போகிற வண்டி. டிரைவர் ஆரனை அழுத்திக்கொண்டிருக்கிறார். கண்டக்டர் படியில் நின்று நெளிகிறார். அக்கா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சக்கரத்துக்கு எதிரே நிற்கிறார், நகர்வதாக இல்லை.

"நவாக்கொட்ட எடுத்துக்கினு போனியே, உங்கம்மாவுக்குச் சக்கர கொறைஞ்சிதா இல்லியா? அத்த சொல்லிட்டு வண்டிய எடு."

"கொறைஞ்சிதுக்கா. வழிய வுடு, டைம் ஆவுது."

"எவ்ளோ இருந்துச்சு, எவ்ளோ ஆச்சு?"

கண்டக்டருக்கு எவ்வளவு என்று தெரியவில்லை. வண்டிக்குள் இருந்தவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வீட்டுக்கு போன் போட்டு, அம்மாவிடம் கேட்டு, எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார். அக்கா யோசித்தார். "கொஞ்சம்தான் கொறைஞ்சிகீது. மாத்திரைய வுட்டுட வேணாம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டு, தரையில் வைத்திருந்த தழைக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனார்.

என்ன திமிர் இந்த அம்மாவுக்கு என்றுதான் அன்று நினைத்தேன். ஒரு பிடி நாவல்கொட்டையைக் கொடுத்துவிட்டு ஒரு வண்டியையே நிறுத்துவதா? பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: "அது ‘வந்து சொல்லு’ அக்கா சார். அந்தம்மா கிட்ட எது வாங்கினாலும் திரும்ப வந்து சொல்லணும். முருங்கக்கீர பறிச்சுக்கினு போனா கொயந்த தின்னுச்சா இல்லியான்னு சொல்லணும். சொல்லலன்னா வூட்டுக்கே வந்துடும்." அதை அவர் கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அவரே அடுத்த வாரம் அக்காவிடம் போய், வாங்கிப்போன எலுமிச்சங்கன்று துளிர்த்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்ததை நான் பின்னால் தெரிந்துகொண்டேன்.

அக்கா வீடு பெருநகர் போகிற சாலையிலிருந்து பிரிந்து, ஏரிக்கரையை ஒட்டியிருக்கிற காலனியில். நிலம் என்று ஒரு அடி கிடையாது. அவர் அப்பாவுக்கும் கிடையாது, தாத்தாவுக்கும் கிடையாது. நடவு, களை, அறுப்பு, அது இல்லாத நாளில் நூறு நாள் வேலை. இவ்வளவுக்கும் நடுவில் ஆடு. பட்டியில் இருபது இருபத்தைந்து இருக்கும். அதைவிட அதிகமாக வெளியே வாரத்துக்கு விட்டிருந்தார்.

வாரம் என்றால் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என்னிடம் பெட்டை ஆடு இருக்கிறது, மேய்க்க ஆளில்லை. உன்னிடம் ஆளிருக்கிறது, ஆடு வாங்க வழியில்லை. என் ஆட்டை நீ ஓட்டிக்கொண்டு போய் வளர்க்கிறாய். போடுகிற குட்டியில் பாதி உனக்கு, பாதி எனக்கு. ஒற்றைக்குட்டி என்றால் இந்த ஈற்று உனக்கு, அடுத்த ஈற்று எனக்கு. பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை. ஒரே ஒரு கட்டாயம், ஆட்டுக்கு என்ன நடந்தாலும் வந்து சொல்ல வேண்டும். செத்தாலும் சொல்ல வேண்டும்.

ஒருநாள் ஆடுகளைப் பார்க்க நான் அங்கே போயிருந்தபோது, பெருநகர்ப் பக்கமிருந்து ஒருவர் மழையில் நனைந்துகொண்டே சைக்கிளில் வந்தார். கேரியரில் உரச்சாக்கு. இறங்கியதும் சாக்கைப் பிரித்துக் காட்டினார். செத்துப்போன ஆட்டின் தோல். இரண்டு குட்டி வயிற்றில் இருந்ததாம். அக்கா குந்தி உட்கார்ந்து தோலைத் தடவிப் பார்த்தார். எப்போது செத்தது, என்ன தின்றது, கழிச்சல் எத்தனை நாள் என்று கேட்டார். அந்த மனிதர் தேம்பிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் கேட்டு முடித்ததும், உள்ளே போய் வேறொரு பெட்டையை அவிழ்த்துக்கொண்டு வந்து அவர் கையில் கயிற்றைக் கொடுத்தார் அக்கா.

"இன்னாக்கா, இப்பத்தான் ஒண்ணச் சாவடிச்சான். மறுபடியும் அவங்கிட்டியே குடுக்குற?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள்.

"மயையில வந்து சொன்னான் இல்ல? சொன்னவனுக்குக் குடுக்காம சொல்லாதவனுக்கா குடுப்பாங்க?"

இந்தச் சங்கதியை நான் சும்மா வேடிக்கை பார்த்தேன். நோட்டில்கூட எழுதிக்கொண்டேன், சுவாரஸ்யமான வழக்கம் என்று. அடுத்த சில மாதங்களில் நான் செய்யப்போகிற காரியத்தைத் தவிர்க்க அந்த நோட்டைத் திரும்ப ஒருமுறை படித்திருந்தால் போதும். படிக்கவில்லை.

நான் யார் என்று சொல்லவில்லையே. சென்னையில் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒப்பந்த வேலை. ஊர் ஊராகப் போய் ஆடு மாடுகளிடம் ரத்தம் எடுத்துவந்து, அந்த ரத்தத்துக்குள் நான்கே எழுத்துகளில் எழுதியிருக்கிற நீளமான சங்கதியை எந்திரத்தில் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது. ஆட்டின் நிறம், உயரம், பால், நோய் தாங்குகிற சக்தி எல்லாம் அந்த எழுத்து வரிசையில்தான் இருக்கிறது. எனக்கு மேலே ஒரு விஞ்ஞானி. எங்கள் சார் என்றே சொல்கிறேன், அவர் பெயர் இங்கே வேண்டாம். கெட்டவர் கிடையாது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் எல்லாப் பழியையும் அவர்மேல் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கலாம்.

அக்காவின் ஆடுகளைப் பற்றிச் சாருக்குச் சொன்னது மாட்டாஸ்பத்திரி டாக்டர். ஏரி வற்றும்போது தண்ணீர் விலகிய உள்வாய்த் தரையில் ஈரப்புல் முளைக்கும். ஆடு அதை ஆசையாக மேயும், மேய்ந்தால் வயிற்றில் புழு ஏறும். புழு ரத்தத்தைக் குடிக்கக் குடிக்கத் தாடைக்குக் கீழே பை மாதிரி நீர் கோத்துக்கொண்டு தொங்கும். பிறகு சாவுதான். ஊரில் எல்லா ஆட்டுக்கும் வருஷா வருஷம் இது நடக்கும். அக்காவின் செவலை ஆடுகளில் மட்டும் அவ்வளவாக நடக்காது. குள்ளமான, பார்வைக்கு ஒன்றுமில்லாத ஆடுகள். சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ரத்தம் எடுக்கப் போன அன்று அக்கா பட்டி வாசலில் குறுக்கே நின்றுகொண்டார்.

"இன்னாத்துக்கு ரத்தம்?"

"ஆராய்ச்சிக்குக்கா" என்றேன்.

"வாரத்துக்கா, வெலைக்கா, சும்மாவா?"

சார் சிரித்துவிட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். "அதெல்லாம் இல்லக்கா. ஆராய்ச்சி."

"அது இன்னா நாலாவது? எனுக்கு மூணுதான் தெரியும்."

சார் பொறுமையாகச் சொன்னார். "இதோட பலன் எல்லாருக்கும் வரும்மா. நாட்டுக்கே வரும்."

"நாட்டுக்கு வர்றது வரட்டும் சாரு. எனுக்கு எத்த வந்து சொல்லுவீங்க?"

சார் என்னைப் பார்த்தார். நேரமாகிறது, சீக்கிரம் முடி என்று அர்த்தம். நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். "உங்க பட்டியில எந்த ஆடு புழு தாங்குற ஆடுன்னு கண்டுபுடிச்சு, நம்பரோட வந்து சொல்றோம்கா. அத்த வெச்சு நீங்க பட்டியப் பெருக்கிக்கலாம்."

அக்கா முகம் தெளிந்தது. "அப்ப வாரத்துக்குன்னு சொல்லு. சுத்தி வளைச்சுக்கினு. ரத்தத்த எடுத்துக்கினு போயி நீ வளத்துக்கோ. அது போடுற குட்டியில எனுக்குப் பாதி. இன்னா நடந்தாலும் வந்து சொல்லணும். நானும் சொல்லுவேன்."

"சரிக்கா" என்றேன்.

ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட்டார். ஆட்டின் கழுத்தை அவரே பிடித்துக்கொண்டு, ஊசி இறங்கும்போது காதோரம் எதையோ சொல்லி அமைதிப்படுத்தினார். ஒவ்வொரு ஆட்டுக்கும் காதில் நம்பர் போட்ட மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை மாட்டினோம். எங்களுக்கு அது மாதிரியை அடையாளம் காண. அவருக்கு அது வாரத்துக்கு அத்தாட்சி. அந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றிலிருந்து அக்கா தன் பங்கைச் செய்ய ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனிலிருந்து வாட்ஸப்பில் குரல் பதிவு வரும், ஒவ்வொரு ஆட்டையும் வில்லை நம்பர் சொல்லி. "நைனா, பன்னெண்டு செனையாக் கீது." "நைனா, இருவத்தியொண்ண நாய் கடிச்சிடுச்சு, மஞ்சா வெச்சுக் கட்டிகீறேன், பாப்போம்." "நைனா, ஏழு செத்துப்பூடுச்சு. வயசாயிடுச்சு அதுக்கு, வேற ஒண்ணும் இல்ல." கடைசியில் எப்போதும், "அங்க இன்னா ஆச்சு? வந்து சொல்லு."

முதல் சில பதிவுகளுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிற படத்தை அனுப்பினேன். பிறகு அதுவும் இல்லை. ரத்தம் வந்துவிட்டது, இனி களத்தில் வேலையில்லை, நான் ஏசி அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு நிமிஷக் குரல் பதிவை யார் கேட்பது? கேட்கப்படாமல் அவை அப்படியே கிடந்தன.

பங்குனி மாதம் முடிவு வந்தது. புழுவைத் தாங்குகிற எழுத்து வரிசை அக்காவின் பட்டியில் பல ஆடுகளிடம் அரைகுறையாக இருந்தது. ஒரே ஒரு ஆட்டில் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் முழுசாக இறங்கியிருந்தது. பதினான்காம் நம்பர். ரத்தம் எடுத்தபோது பால்குடி மறந்த செவலைக் கடாக்குட்டி. அது வளர்ந்து பெட்டைகளோடு சேர்ந்தால், பிறக்கிற ஒவ்வொரு குட்டிக்கும் அந்தச் சக்தி ஒரு பங்காவது நிச்சயம் போகும். சார் எழுந்து நின்று கைதட்டினார். நானும் தட்டினேன். உடனே போனை எடுத்தேன்.

"யாருக்குப் பண்றே?"

"அந்த அக்காவுக்கு சார். பதினாலுதான்னு சொல்லிடலாம்."

"உனக்கென்ன பைத்தியமா? பேப்பர் வர்றதுக்கு முன்னாடி விஷயம் வெளியே போனா, வேற எவனாவது முந்திக்குவான்."

"ஆடு மேய்க்கிறவங்க சார். அவங்க யாரை முந்தப் போறாங்க?"

"விதின்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அந்த மாதம் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டிய மாதம். கையெழுத்துப் போட வேண்டியவர் சார். நான் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். இதற்கு மேல் இதில் விளக்க ஒன்றுமில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

பேப்பர் போட வேண்டும் என்றால், படித்த எழுத்துகளை எல்லாம் உலகப் பொதுக் கிடங்கு ஒன்றில் ஏற்ற வேண்டும். அது ஆராய்ச்சிப் பத்திரிகைகளின் நிபந்தனை. ஏற்றியது நான்தான். கட்டம் கட்டமாகக் கேட்பார்கள். உயிரினம்: வெள்ளாடு. இனம்: குறிப்பிடத்தக்க இனமில்லை. அப்படி ஒரு சொல்லை வைத்திருக்கிறார்கள், பதிவில் இல்லாத நாட்டு ஆடு எல்லாவற்றுக்கும் ஒரே சொல். உரிமையாளர்: விவசாயி ஏழு, எங்கள் பட்டியலில் அக்காவின் எண். இடம் என்ற கட்டத்தில் ஊர், வட்டம், மாவட்டம் எழுதப் போனேன். "நாடு போதும், அதுக்கு மேல யார் கேட்கிறாங்க?" என்றார் சார். நாட்டின் பெயரை மட்டும் அடித்தேன். ஏரியும் காலனியும் பட்டியும் அந்த ஒரு சொல்லுக்குள் காணாமல் போயின.

அடுத்த வருஷம் பேப்பர் வந்தது. கிடங்கில் என் பதிவும் எல்லோருக்கும் திறந்தது. அதற்கு அடுத்த வருஷம் கண்காணாத தேசத்துக் கம்பெனி ஒன்று, புழு தாங்குகிற ஆட்டைப் பொறுக்கி எடுக்கிற பரிசோதனை ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. எந்தெந்த எழுத்துகளைப் பயன்படுத்தினோம் என்று பொடி எழுத்தில் ஒரு பட்டியல் போட்டிருந்தார்கள். அதில் நான் ஏற்றிய பதிவின் எண்ணும் இருந்தது. "பாத்தியா, நம்ம டேட்டா உலகத்துக்கே பயன்படுது" என்று சார் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். நிஜமான சந்தோஷம் அவருக்கு. என் பங்கை மேஜை டிராயரில் வைத்து மூடினேன்.

இந்த மாதிரி விஷயங்களைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் நடந்தது, சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில். பல்லுயிர்ப் பாதுகாப்பும் பலன் பகிர்வும் என்று வாசலில் பேனர். வெளிநாட்டு விருந்தாளிகளை முதல் நாள் உத்திரமேரூருக்குக் கூட்டிப்போய்க் கல்வெட்டு எல்லாம் காட்டியிருந்தார்கள். அங்கிருந்து அக்கா வீடு கொஞ்ச தூரம்தான். யாரும் போகவில்லை. நானும்தான் ஞாபகப்படுத்தவில்லை.

மேடையில் ஒருவர் விளக்கினார். ஒரு நாட்டின் செடியையோ விலங்கையோ எடுத்துப் பலன் பார்த்தால் அந்த நாட்டுக்கும் அதைக் காப்பாற்றி வைத்தவர்களுக்கும் பங்கு தர வேண்டும் என்று உலக நாடுகள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டன. சரி. ஆனால் அது பொருளுக்கு. ரத்தத்தைக் குப்பியில் வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டுமென்றால் அனுமதி, ஒப்பந்தம், முத்திரை, ஆயிரம் கேள்வி. அதே ரத்தத்தைப் படித்து எழுத்தாக்கிக் கிடங்கில் போட்டுவிட்டால் எவன் வேண்டுமானாலும் உட்கார்ந்த இடத்திலிருந்து அள்ளிக்கொள்ளலாம். குப்பியும் தேவையில்லை, ஆடும் தேவையில்லை. இந்த ஓட்டையை எப்படி அடைப்பது என்று வருஷக்கணக்காகப் பேசி, கடைசியில் ஒரு பொது நிதி வைத்திருக்கிறார்களாம். எழுத்தை வைத்துச் சம்பாதிக்கிற கம்பெனிக்காரர்கள் லாபத்தில் கொஞ்சம் அதில் போடுவது நல்லது என்று கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்! உண்டியல் வைத்திருக்கிறார்கள், மனசு வந்தவர் போடலாம்.

எழுந்து மைக்கை வாங்கினேன். "எந்த ஊர்ல எடுத்தது, யார் வீட்டு ஆடுன்னே நாம எழுதல. நாளைக்கு அந்த நிதியில ஏதாவது வந்தாக்கூட அதை யார்கிட்ட கொண்டுபோய்க் கொடுப்பீங்க? கொடுக்கிறது இருக்கட்டும். ரத்தம் கொடுத்தவங்களுக்கு அதுல என்ன இருந்துச்சுன்னு சொல்லணும்னு ஒரு வரி எங்கேயாவது இருக்கா?"

"ரொம்ப நல்ல கேள்வி" என்றார் மேடைக்காரர். "அடுத்த அமர்வில் விரிவாகப் பேசலாம்." அடுத்தது சாப்பாடு. அதற்கப்புறம் குழுப் புகைப்படம். கூட்டத்தில் யாரோ ஒருவர் என் தோளைத் தட்டி, உணர்ச்சிவசப்படாதீங்க பிரதர், டேட்டா என்பது எல்லோருக்கும் பொது, பூட்டி வைத்தால் அறிவியல் நின்றுபோகும் என்றார். பூட்டச் சொல்லவில்லையே அய்யா நான். ஒரு போன் கால் பற்றித்தானே கேட்டேன்.

மறுநாள் காலையில் பஸ் ஏறினேன். நான் சத்தம் போட்டது சரி. ஆனால் நியாயம் பேசுகிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று வழியெல்லாம் மனசு குடைந்துகொண்டே வந்தது.

அக்கா வீட்டுக்கு எதிரே அகத்தித் தழையைக் கழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திட்டப்போகிறார் என்று தயாராகத்தான் போனேன். திட்டவில்லை. "வா நைனா, குந்து. நாஷ்டா துன்னியா?" என்றார். பட்டியைப் பார்த்தேன். இரண்டே இரண்டு ஆடுகள் கட்டியிருந்தன, இரண்டும் வேறு யாருடையவோ. இப்போது அவர் மற்றவர் ஆட்டை வாரத்துக்கு வாங்கி வளர்க்கிறாராம்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளே போய் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைக் கொண்டுவந்தார். மூடியைத் திறந்து தரையில் கொட்டினார். மஞ்சள் வில்லைகள். செத்த ஆடு, விற்ற ஆடு ஒவ்வொன்றின் காதிலிருந்தும் வெட்டி எடுத்துக் கழுவி வைத்திருந்தார், எனக்குக் காட்ட.

"நீ போன எடுக்கல. சரி, நேர்ல வரும்போது சொல்லிக்கலாம்னு வெச்சிக்கீறேன். இத்தப் பாரு, ஏழு. வயசாயிப் போச்சு. இருவத்தியொண்ணு நாய்க்கடிலியே போச்சு. பன்னெண்டு போன மயையில. ஒம்போது, பதினஞ்சு, எல்லாம் வயசானதுங்க, அடுத்தடுத்துப் போச்சு. பொறந்த குட்டிங்களுக்கு நீ வில்ல போடல, அதுங்க கணக்கு தனி. அந்தக் குட்டிங்க எல்லாத்துக்கும் தாட வீங்கிச்சு. பையி மாரி தொங்குச்சு நைனா, பாக்க முடியல. எங்க பட்டில அந்த மாரி ஆனதே கெடையாது. இந்தத் தபா ஒண்ணு மிஞ்சல, வாரத்துக்கு வுட்டதும் சேத்து."

"பதினாலு எங்கக்கா?"

தேடி எடுத்தார். "இதா. இது சாவல, வித்துட்டேன். அதும் வெள்ளக்காதும் ரெண்டு கடா வளந்து நின்னுச்சு. ரெண்டும் முட்டிக்கினு பட்டியே பேஜாரு. ஒண்ணத்தான் வெச்சிக்க முடியும். வெள்ளக்காது, வெளிய இருந்து வந்த பெட்ட போட்டது. நல்லா ஒசரமா லட்சணமா இருந்துச்சு. அத்த வெச்சிக்கினு இத்தக் கூழு ஊத்துறப்ப வெட்டுறதுக்குக் கேட்டாங்கன்னு குடுத்துட்டேன். இது மூலமா ஒரு குட்டிகூடப் பொறக்கல, அப்பறம் பொறந்ததெல்லாம் வெள்ளக்காது குட்டிங்கதான்."

"யக்கா. அந்தப் பதினாலுதான்."

"இன்னா பதினாலுதான்?"

சொன்னேன். எழுத்து, எந்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, புழு தாங்குகிற கடா அதுதான், அது இருந்திருந்தால் பட்டி நின்றிருக்கும் என்று சொன்னேன். அக்கா கையிலிருந்த வில்லையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மற்ற வில்லைகளோடு அதைப் போடவில்லை.

"இது இப்ப யார் யாருக்குத் தெரியும்?"

"ஒலகத்துல யார் வேணும்னாலும் பாக்கலாம்கா. கம்ப்யூட்டர்ல போட்டுகீது."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"உனுக்கு எப்ப தெரியும்?"

போன மாதம் என்று சொல்லியிருக்கலாம். பொய் நாக்கு நுனிவரை வந்தது. "நீங்க அத்த விக்கிறதுக்கு முன்னாடிக்கா. அந்த வருசம் பங்குனில."

அக்கா விரலை மடக்கினார். "சித்திர. வைகாசி. ஆனி." நாலாவது விரலில் நின்றார். "ஆடி மூணாவது ஞாயித்துக்கெழம வித்தேன்."

"சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கக்கா. என் வேலை போயிடும்னு..."

"ஆடு செத்தா எவனும் மறைக்க மாட்டான் நைனா. செத்ததுல பங்கு கெடையாது இல்ல? குட்டி போட்டா அத்தத்தான் மறைப்பான். எனுக்கு இத்தினி வருசத்துல ஒருத்தன்கூட மறைச்சது கெடையாது. படிக்காதவனுங்க, குடிகாரனுங்க, அவனுங்க எல்லாங்கூட வந்து சொன்னானுங்க."

குரலை உயர்த்தவே இல்லை அவர். ஒரு பேருந்தை நிறுத்திய குரல். ஏதாவது செய்ய வேண்டும், உடனே ஏதாவது கொடுத்துவிட வேண்டும் என்று பதறியது. பையிலிருந்து நோட்டையும் பேனாவையும் எடுத்தேன்.

"யக்கா, அந்தப் பதிவைத் திருத்தச் சொல்லி எழுதுறேன். எந்த ஊர் ஆடு, யாரோட ஆடுன்னு சேக்கச் சொல்றேன். சண்ட போட்டாவது சேக்க வெக்கிறேன். உங்க பேர முழுசாச் சொல்லுங்க." அவர் பெயர் எனக்குத் தெரியாது. அக்கா, விவசாயி ஏழு, இந்த இரண்டுதான் தெரியும். ஒப்புதல் தாளில் இருந்த கையெழுத்து கோணலாக இருந்ததால் நான் அதைப் படித்துப் பார்த்ததுகூட இல்லை.

"இன்னாத்துக்கு?"

"ஒலகம் பூரா தெரியும்கா, இது உங்க ஆடுன்னு."

அக்கா தழைக்கட்டைத் தன் பக்கம் இழுத்து, மறுபடியும் கழிக்க ஆரம்பித்தார்.

"ரத்தத்த எடுத்துக்கினு போன. வளத்த. கண்டவனுக்கும் குடுத்த. இப்போ பேரையும் எடுத்துக்கினு போயி அங்கியே போட்டுடுவியா? குடுக்க மாட்டேன். எழுந்து போ."

எழுந்து வந்தேன். இந்தக் கதையில் அவர் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுதான்.